கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

எங்கள் பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டுப் பையன் சட்டப் படிப்பை முடித்துவிட்டான் என்றால், அந்தத் தெருவுக்கே திடீரென்று ஒரு தெம்பு வந்துவிடும். அதுவரை பரண்மேல் சாதுவாகத் தூங்கிக்கொண்டிருந்த வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பெரியப்பா காலத்துப் பாகப்பிரிவினை எல்லாம் தூசி தட்டப்பட்டு, மஞ்சள் பையில் ஏறி, பையன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். 'நம்ம பையன்' இருக்கும்போது ஃபீஸ் எதற்கு?

என் அக்கா மகன் விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. பெயர் வேண்டாம். சொன்னால் 'கான்ஃபிடென்ஷியல்' என்பான். அக்கா மகன் என்பதால் நான் எப்போதும் 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவது. இந்தப் பக்கத்திலும் மாப்பிள்ளையே. (கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அது தனிக் கட்டுரை.)

சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர் ஆஜர்.

"தம்பி, இந்த வாய்க்கால் விசயத்துல ஒரு கேஸு போட்டுரலாம்னு..."

"ஐயா, நான் கோர்ட்டுக்குப் போறதில்லீங்க."

பெரியவர் முகத்தில் ஒரே அனுதாபம். "ஏஞ் சாமி, இன்னும் கோட்டு தைக்கலையா?"

"கோட்டெல்லாம் இருக்குதுங்க. எனக்கு கம்பெனி அக்ரிமென்ட்டைப் படிச்சுப் பாக்குற வேலைங்க."

"அக்ரிமென்ட்டா? பத்திர ஆபீஸ் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாங்களே, அதுங்களா?"

உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. அக்காதான். "அஞ்சு வருசம் மெட்ராஸ்ல படிக்க வெச்சது ஸ்டூல்ல உக்காரவா?" என்று அவள் கேட்டது மாப்பிள்ளையை அல்ல, என்னை.

காரணம் இருக்கிறது. மச்சானுக்குத் தென்னந்தோப்பு, கூடவே சின்னதாகத் தேங்காய் வியாபாரம். மகன் வக்கீலாகி பழனி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு பறக்க நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைக் கெடுத்த பாவி நான். பையன் பிளஸ் டூ முடித்தபோது, "சும்மா பி.ஏ., சட்டம் வேண்டாம் மச்சான். பி.காமும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது. கம்பெனிச் சட்டம்தான் இனி காசு" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். நானும் ஒரு பி.காம். ஆயிற்றே! நான் கணக்கு எழுதாமல் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதை மச்சான் அப்போது பெருந்தன்மையாகக் கண்டுகொள்ளவில்லை.

பி.காம். படித்த யாருக்கும் மெர்க்கன்டைல் லா பேப்பர் மறக்காது. அதில் ஸ்மோக் பால் கேஸ் என்று ஒன்று வரும். லண்டனில் ஒரு கம்பெனி, 'எங்கள் மருந்து உருண்டையை முறைப்படி உறிஞ்சியும் இன்ஃப்ளுயென்சா வந்தால் 100 பவுன் தருகிறோம்' என்று விளம்பரம் செய்தது. 'நம்பிக்கைக்காக 1,000 பவுன் பேங்கில் போட்டிருக்கிறோம்' என்று பந்தாவாக ஒரு வரி வேறு. கார்லில் என்ற அம்மாள் தினம் மூன்று வேளை உறிஞ்சினார். காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். 'அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னதும்மா' என்றது கம்பெனி. 1892-ல் கோர்ட், 'பேங்கில் பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னவன் சும்மா சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது? எடு 100 பவுனை' என்றது. அந்த அம்மாள் 96 வயது வரை இருந்து 1942-ல் காலமானார். மூப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் இன்ஃப்ளுயென்சா!

அந்தக் கேஸைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒப்பந்தச் சட்டத்தின் மேல் ஒரு காதல். ஒருதலைக் காதல்தான். பேப்பரில் 41 மார்க்.

மச்சானைச் சம்மதிக்க வைக்க நான் இழுத்தது வேறு கதை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பி ரிட்டயரானவர்களும் விதவைகளும் போட்ட பணமெல்லாம் போச்சு. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல். அந்த விவகாரத்தில் பணம் போட்டவர்களுக்காக நின்றவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். கேஸ் நடத்தியதோடு நிற்கவில்லை. நமக்கென்று ஒரு பேங்க் வேண்டும் என்று ஆட்களைச் சேர்த்தார். 1907-ல் இந்தியன் பேங்க் பிறந்தது. "உங்க பாஸ் புக்கே ஒரு வக்கீல் போட்ட விதைதான் மச்சான்" என்றேன். பாஸ் புக்கை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, சேத்துவிடு" என்றார்.

சேர்த்துவிட்டேன். மாட்டிக்கொண்டேன்.

வக்கீலாகப் பதிவு செய்வதிலேயே மச்சானுக்கு முதல் வருத்தம். 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம், பதிவுக் கட்டணம் 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநில பார் கவுன்சிலும் அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட், 'சட்டத்தில் உள்ளதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது' என்று தீர்ப்பளித்தது. ஆனால் 'ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாம்' என்றும் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பதிவு செய்தது 2023-ல். "ஒரு வருசம் ஃபெயிலாகியிருந்தா மிச்சமாயிருக்கும்" என்றார் மச்சான். இப்படி ஒரு வருத்தத்தை எந்த அப்பா வாயிலிருந்தும் நான் அதுவரை கேட்டதில்லை.

இதற்கிடையில் வாய்க்கால் பெரியவர் விடவில்லை. "மேல்கோர்ட்டுக்குப் போச்சுன்னா மெட்ராஸ்ல தம்பி பாத்துக்குமில்ல?" என்றார். திண்டுக்கல் ஜில்லா அப்பீலெல்லாம் 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளைக்குத்தான் போகிறது என்று மாப்பிள்ளை விளக்கினான். பெரியவர் பையைச் சுருட்டிக்கொண்டார். "கீழ்க்கோர்ட்டுக்கும் ஆகாது, மேல்கோர்ட்டுக்கும் ஆகாது" என்று வாசல்படி இறங்கும்போது அவர் சொன்னது மச்சான் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் பொங்கல் யாருக்கும் இறங்கவில்லை.

அப்படி என்னதான் வேலை பார்க்கிறான் என்று எனக்கே தெரிந்தது, பத்திரிகை வேலையாகச் சென்னை போய் அவன் ரூமில் நாலு நாள் தங்கியபோதுதான். திருவல்லிக்கேணியில் ரூம். இரண்டு கட்டில், ஒரு ஃபேன், ஒரு கொடி. கொடியில் கறுப்புக் கோட்டு. அதன் தோளில் லேசாகத் தூசி.

முதல் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்தான்.

"என்ன மாப்பிள்ளை, ஜட்ஜ் இவ்வளவு நேரமா உட்கார்ந்திருந்தார்?"

"வாடகை ஒப்பந்தம் மாமா. அறுபத்து மூணு."

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்கப் போகிறது. பெண் பார்க்கப் போவதற்கு முன் அக்கம்பக்கத்தில் நைஸாக விசாரிப்போமே, அந்த மாதிரி விசாரணைக்கு ட்யூ டிலிஜென்ஸ் என்று பெயர். நாம் டீக்கடையில் விசாரிப்போம். இவர்கள் காகிதத்தில் விசாரிக்கிறார்கள். விற்கிற கம்பெனியின் கடன், அடமானம், கேஸ், வரி பாக்கி, பி.எஃப். பாக்கி, டிரேட் மார்க், வாடகைக் கடைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதை ஒன்று விடாமல் படிப்பது யார்? பார்ட்னர் படிக்கமாட்டார். அவருடைய நேரம் விலை ஜாஸ்தி. பார்ட்னருக்குக் கீழே இருப்பவர், அவருக்குக் கீழே இருப்பவர் என்று இறங்கி இறங்கிக் கடைசியில் தரையில் வந்து நிற்கும். தரையில் நிற்பவன் மாப்பிள்ளை.

"அறுபத்து மூணும் ஒரே மாதிரி இருக்கும் மாமா. அறுபது வரைக்கும் ஒரே மாதிரிதான் இருந்துது. அறுபத்தொண்ணுல, 'கடைக்காரர் கம்பெனியை யாருக்காவது வித்தா இந்த ஒப்பந்தம் காலி'ன்னு ஒரு வரி. அதுதான் அவங்களோட பெரிய கடை."

அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற அறுபத்திரண்டையும் படிக்க வேண்டியிருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் என்றதும் என் சந்தேகத்தைக் கேட்டேன். உங்களுக்கும் இருக்கும். எல்லா வீட்டுக்காரரும் ஏன் 11 மாசத்துக்கே எழுதுகிறார்கள்? 12 மாசம் என்றால் மாசத்துக்கு என்ன வலி? 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும். அதிலிருந்து நழுவத்தான் 11. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ல் வாடகைக்கென்று புதுச் சட்டம் கொண்டுவந்து, 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி எத்தனை மாசமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும். "அப்போ இன்னும் ஏன் 11 போடுறாங்க?" என்றேன். "பழக்க தோஷம் மாமா. பாதி சட்டம் பழக்க தோஷத்துலதான் ஓடுது" என்றான். படித்த பிள்ளை.

இன்னொரு கூத்து, டைம் ஷீட். அவர்கள் ஆபீஸில் ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, ஆறு ஆறு நிமிஷமாகக் கணக்கு எழுத வேண்டும். எந்த ஆறு நிமிஷம் எந்த கம்பெனிக்காக உழைத்தாய்? அதைப் பார்த்துத்தான் பில். டீ குடிக்கப் போனால் மூன்று யூனிட் அம்பேல். அது யார் தலையிலும் எழுத முடியாத டீ. இதே முறையைப் பத்திரிகை ஆபீஸில் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இந்தக் கட்டுரையின் முதல் வரிக்கு மட்டும் 40 யூனிட். ஆசிரியர் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்.

கமாவுக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பார்களாம். சிரித்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டம் ஒன்றில், எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு பட்டியல். கடைசியில் 'அனுப்புவதற்காக மூட்டை கட்டுதல் அல்லது விநியோகித்தல்' என்று கமா இல்லாமல் முடிகிறது. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பெனியின் டிரைவர்கள், 'நாங்கள் விநியோகிக்கிறோம். ஆனால் இங்கே சொல்லியிருப்பது விநியோகத்துக்காக மூட்டை கட்டுகிறவனை. எங்களுக்கு ஓவர்டைம் கொடு' என்று கேஸ் போட்டார்கள். 2017-ல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-ல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமாதானமாகப் போயிற்று. ஒரு கமா, 50 லட்சம் டாலர்! நான் என் கட்டுரைகளில் இதுவரை இலவசமாக வாரி இறைத்த கமாக்களை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அந்த 'நாட்வித்ஸ்டாண்டிங்'. 'எது எப்படி இருந்தபோதிலும்' என்று அர்த்தம். பத்துப் பக்கத்துக்கு உரிமை, சலுகை எல்லாம் வாரி வழங்கிவிட்டு, பதினோராம் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தையைப் போட்டால் முன்னால் கொடுத்ததெல்லாம் வாபஸ். எங்கள் அக்கா பேசுவதே இந்த முறையில்தான். "உன் இஷ்டம் தம்பி, நீயே முடிவு பண்ணு, ஆனா என்ன இருந்தாலும்..." என்று ஆரம்பிப்பாள். 'ஆனா என்ன இருந்தாலும்'-க்குப் பிறகு வருவதுதான் ஒப்பந்தம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "சம்பளம் இல்லை மாமா" என்றான். எனக்கு பகீரென்றது. பார் கவுன்சில் விதிப்படி தொழில் செய்கிற வக்கீல் யாரிடமும் முழுநேரச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது. அதனால் ஆபீஸ் தருவது சம்பளம் அல்ல, தொழில் கட்டணம். ஒன்றாம் தேதி வருகிறது, ஒன்பதரைக்குப் போகணும், லீவுக்குக் கெஞ்சணும். ஆனால் சம்பளம் இல்லை! பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பி.காம். படித்தவனாக இந்தக் கணக்குப் பதிவை நான் ரசித்தேன். அவனுடைய மாமாவாக ரசிக்க முடியவில்லை.

கோர்ட் பக்கம் போன அவன் கிளாஸ்மேட்டுகளுக்கு இதுவும் கிடையாது. சீனியர் கொடுத்தால் பெட்ரோல் காசு, கொடுக்காவிட்டால் அனுபவம். 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட், ஜூனியர்களைப் பட்டினி போட்டு வேலை வாங்குவது நியாயமல்ல என்று சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் மாசம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று பார் கவுன்சில் சர்க்குலர் அனுப்ப உத்தரவிட்டது. சர்க்குலரும் போயிற்று. எல்லா சீனியர் கையிலும் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் தெரியவில்லை. ஊர்ப்பக்கம் ஒரு சீனியர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "15,000 உண்டுங்களா சார்?" என்று இவன் இழுத்ததற்கு, "எந்த 15,000?" என்றாராம்.

ஆனாலும் மாப்பிள்ளை போய்விடலாம் என்றுதான் இருந்தான். இது மூன்றாம் நாள் ராத்திரி, மொட்டை மாடியில் தெரிந்தது.

"வக்கீல்னு சொல்றாங்க. ஒன்றரை வருசமா ஒரு ஜட்ஜ் முகத்தைப் பாக்கலை. அப்பா போன்ல பேசவே மாட்டேங்கிறாரு. கேட்டா 'சாப்பிட்டியா'ன்னு அம்மாகிட்ட கொடுத்துடுறாரு. ஊருக்கே வந்துடுறேன் மாமா."

"வந்துடு. யார் தடுத்தா?"

பேசாமல் கீழே போய் ஒரு கவரை எடுத்து வந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட கடிதம். நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில், 'இரண்டு வருஷத்துக்குள் விலகினால் மூன்று மாத நோட்டீஸ், பயிற்சிச் செலவாக ஒன்றரை லட்சம் ரூபாய்' என்று இருந்தது.

"இதை எப்போ பார்த்தே?"

"போன மாசம்."

"கையெழுத்துப் போட்டப்போ படிக்கலையா?"

அவன் சமுத்திரம் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நாளைக்கு நூறு பக்கம் அடுத்தவன் காகிதத்தைப் படிக்கிற பையன், தன்னுடைய நாலு பக்கத்தைப் படிக்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில், எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர் பேனாவை நீட்டும்போது, 'இருங்க, படிச்சுட்டுப் போடுறேன்' என்று சொல்ல வாய் வரவில்லையாம். யாருக்கு வரும்? நீங்கள் உங்கள் ஆஃபர் லெட்டரைக் கடைசிவரை படித்தீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பிரச்னையே இல்லை. ஆசிரியர் போனில், "எழுதுங்க பார்ப்போம்" என்றார். அதுதான் என் அக்ரிமென்ட்.

இது செல்லுமா என்று அவனையே கேட்டேன். அலசினான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 27-ம் பிரிவு இருக்கிறது. ஒருவன் தொழில் செய்வதையே தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. 'எங்களை விட்டுப் போனபின் வேறு கம்பெனியில் சேரக் கூடாது' என்று எழுதினால் அது பெரும்பாலும் வெத்து வேட்டு. ஆனால் 'இத்தனை வருஷம் இருக்கணும், இல்லாவிட்டால் இவ்வளவு கொடு' என்பது வேறு ஜாதி. விஜயா பேங்க் அதிகாரி ஒருவர் மூன்று வருஷம் முடியும் முன் 2009-ல் விலகி வேறு பேங்குக்குப் போனார். பாண்டு தொகை 2 லட்சத்தைக் கட்டிவிட்டு, அந்த நிபந்தனையே தப்பு என்று கேஸ் போட்டார். கர்நாடக ஹைகோர்ட்டில் ஜெயித்தார். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட், 'நிபந்தனை செல்லும்' என்று சொல்லிவிட்டது. "என் விசயத்துல தொகை நியாயமானதான்னு வாதாடலாம் மாமா. ஆனா வாதாட ஒரு வக்கீல் வேணும்" என்றான். இந்த ஜோக்குக்கு இருவருமே சிரிக்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. மச்சான். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மச்சான் போன் செய்தால் யாரோ ஆஸ்பத்திரியில் என்று அர்த்தம். பயந்துகொண்டே எடுத்தேன். ஆஸ்பத்திரி இல்லை. அடுத்த தெரு சிநேகிதர் தேங்காய்க் களம் போட ஒரு ஃபைனான்ஸில் நாலு லட்சம் கடன் வாங்குகிறார். மச்சான் ஜாமீன் கையெழுத்து. நாளைக் காலை பத்து மணிக்கு.

"சும்மா ஒரு கையெழுத்துதான். உங்க அக்காதான் பையன்கிட்ட காட்டச் சொல்றா. காட்டிட்டேன்னு சொல்லிடு. என்ன?" என்றார். வாட்ஸ்அப்பில் ஒன்பது பக்கம் வந்தது. நாலு பக்கம் படுக்கைவாட்டில், ஒன்று தலைகீழாக. ஒரு மூலையில் மச்சானின் கட்டைவிரலும் தெரிந்தது.

மாப்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்தான். போனைத் திருப்பித் திருப்பி, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தான். ஒருமுறை முழுக்க. பிறகு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை. ஒன்றே முக்காலுக்கு நிமிர்ந்தான்.

தொகை என்ற இடம் காலியாக இருந்தது. 'பிறகு பூர்த்தி செய்யப்படும்.' நாலு லட்சம் என்று ஒன்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை. அதைவிட, 'கடன் பெறுபவர் இப்போது தர வேண்டியதும், இனிமேல் எந்தக் கணக்கில் தர வேண்டி வருவதுமான எல்லாத் தொகைக்கும்' என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி. சிநேகிதர் அடுத்த வருஷம் லாரிக்கு வாங்கினாலும், அதற்கடுத்த வருஷம் மகள் கல்யாணத்துக்கு வாங்கினாலும் மச்சான் ஜாமீன். இப்படித் தொடர்கிற ஜாமீனை, இனி வரும் கடன்களுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்ய 130-ம் பிரிவில் ஒரு கதவு உண்டு. எட்டாம் பக்கத்தில் அந்தக் கதவையும் சாத்தியிருந்தார்கள்.

"அவர் கட்டலேன்னா முதல்ல அவரைத்தானே கேப்பாங்க? அப்புறந்தானே உங்கப்பா?" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க மாமா. 128-ம் பிரிவுல, வாங்கினவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவனுக்கும் அவ்வளவுன்னு இருக்கு. 1968-லயே பேங்க் ஆஃப் பீகார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. வாங்கினவனைத் தேடிட்டு அப்புறம் வாங்கன்னு ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. நேரா நம்ம தோப்புக்கு வரலாம்."

எனக்கு 41 மார்க் வந்த காரணம் புரிந்தது.

விடிகாலை ஐந்தரைக்கு அப்பாவுக்குப் போன் செய்தான். ஒன்றரை வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசிய மிக நீளமான போன் அதுதான். கையெழுத்துப் போடாதீங்க என்று அவன் சொல்லவில்லை. தொகையில் நாலு லட்சம் என்று எழுத்திலும் எண்ணிலும் நிரப்பச் சொல்லுங்க, ஐந்தாம் பக்கத்தில் அந்த வரியையும் எட்டாம் பக்கத்தில் இந்த வரியையும் அடிக்கச் சொல்லுங்க, அடித்த இடத்தில் ரெண்டு பேரும் சுருக்கொப்பம் போடுங்க, அப்புறம் தாராளமா போடுங்க என்றான்.

மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு மச்சான் கேட்டார்: "முப்பது வருசப் பழக்கம்டா. அவன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது இதையெல்லாம் எப்படிடா கேக்குறது?"

இதற்கு ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை. மாப்பிள்ளையும் பதில் சொல்லவில்லை. அவனும் ஒரு பெரிய மனுஷர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டவன்தானே. சற்றுப் பொறுத்து, "எம் பேரைச் சொல்லிக் கேளுங்கப்பா. பையன் மெட்ராஸ்ல வக்கீலு, தொந்தரவு பண்றான்னு சொல்லுங்க" என்றான்.

மச்சான் கேட்டார். ஃபைனான்ஸ்காரர்கள் தொகையை நிரப்பச் சம்மதித்தார்கள். மற்ற இரண்டு வரியை அடிக்க முடியாது, அது எல்லாருக்கும் பொதுவான ஃபாரம் என்றார்கள். மச்சான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வேறொருவர் கையெழுத்துப் போட்டுக் கடன் கிடைத்தது. களமும் போட்டாயிற்று. தவணையெல்லாம் இதுவரை டாணென்று கட்டிக்கொண்டிருக்கிறாராம். "பாத்தியா, ஒழுங்காத்தானே கட்றான்?" என்று மச்சான் மாசம் ஒருமுறை மகனைக் கேட்பார். "கட்டட்டும்ப்பா. நல்லதுதானே" என்பான் இவன்.

சிநேகிதர் வீட்டு வாசலேறி வருவது மட்டும் நின்றுபோயிற்று. போன ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. தபாலில்! அடுத்த தெருவிலிருந்து, ஸ்டாம்ப் ஒட்டி. அக்கா அதை வாசலிலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் வாதம். மச்சான்தான் முடித்தார். "அவன் கோவம் அவனுக்கு. பொண்ணு நம்ம கண்ணு முன்னாடி வளந்தது."

மாப்பிள்ளையும் லீவு போட்டு வந்திருந்தான். சென்னை ஆபீஸில் இரண்டு வருஷம் முடிய அப்போது ஒன்றரை மாசம் பாக்கி. முடிந்ததும் என்ன செய்யப்போகிறான் என்று அவனும் சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை. மண்டபத்தில் சிநேகிதர் எங்களைப் பார்த்து "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பந்தியில் மட்டும் அவரே வந்து மச்சான் இலையைப் பார்த்து, "இங்க ரசம் ஊத்துப்பா" என்றுவிட்டுப் போனார்.

சாப்பிட்டுக் கை கழுவி, மொய் எழுதுகிற இடத்துக்கு வந்தோம். மச்சான் 5,001 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நோட்டுக்காரர் வழக்கம்போல மச்சான் பெயரை எழுதிவிட்டு, "அவ்வளவுதானுங்களே?" என்றார்.

"பையன் பேரையும் சேத்து எழுதுப்பா" என்றார் மச்சான். "பக்கத்துல வக்கீலுன்னு போடு. சென்னைன்னு போடு."

எழுதினார். மாப்பிள்ளை குனிந்து நோட்டை ஒருமுறை படித்துப் பார்த்தான். இனிஷியல் தப்பாக இருந்தது. திருத்தச் சொன்னான்.